கழித்த பாட்டும் காசாகும்

1968 ஜனவரியில் பீட்டில்ஸ் கோஷ்டியின் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாயில் வந்து இறங்கினார். லண்டனில் அவருக்கு இல்லாத ஸ்டுடியோவா? இருந்தும் ஃபோர்ட் பகுதியில் இருந்த எச்.எம்.வி. கூடத்தைத் தேடிப் போனார். தெருவில் பஸ் போனால் அதுவும் சேர்ந்து பாடும் கூடம் அது. ‘வொண்டர்வால்’ என்ற படத்துக்கு இசை சேர்க்கும் வேலை. சரோடுக்கு ஆஷிஷ் கான், சந்தூருக்கு சிவ்குமார் சர்மா, புல்லாங்குழலுக்கு ஹரிபிரசாத் சௌராசியா.

படத்து வேலை முடிந்தும் நேரம் மிச்சம். வித்வான்களைச் சும்மா அனுப்பினால் வீண்செலவல்லவா? ‘தி இன்னர் லைட்’ என்ற பாட்டுக்கான வாத்தியங்களையும் அப்போதே வாசிக்க வைத்துவிட்டார். சீன ஞானி சொன்னது, பம்பாயில் வாசித்தது, லிவர்பூல்காரர் பாடியது. மார்ச்சில் ‘லேடி மடோன்னா’ தட்டின் மறுபக்கத்தில் வந்தது. வேண்டாமென்று வைத்த அதன் இன்னொரு பதிவும் 2014-இல் வெளியே வந்துவிட்டது.

பிப்ரவரியில் பீட்டில்ஸ் நால்வரும் ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்தில் கூடினார்கள். நம்மூர்க்காரன் வெளியூருக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கட்டிக்கொண்டு போவதுபோல, ரிங்கோ ஸ்டார் பெட்டி நிறைய அவரை டின்னோடு வந்தார். சுமார் பத்தே நாளில் தியானம் போதுமென்று ஊருக்குக் கிளம்பிவிட்டார். மற்றவர்கள் கண்ணை மூடினால் தியானம், திறந்தால் பாட்டு என்று இருந்தார்கள்.

கடைசியில் ஜான் லெனனுக்கு மகரிஷியோடு மனத்தாங்கல். அவர் பேரையே போட்டு ஒரு வசைப்பாட்டு கட்டினார். ஹாரிசன் தடுத்ததால் மகரிஷி ‘செக்ஸி சேடி’ ஆனார். ரிஷிகேசப் பாதையைப் பாடிய ‘சைல்ட் ஆஃப் நேச்சர்’ என்ற சாதுவான பாட்டை லெனன் கிடப்பில் போட்டார். 1971-இல் அதே மெட்டு ‘ஜெலஸ் கை’ என்று வந்தது. சாமியார் சந்தேகப்பிராணி ஆகிவிட்டார், கேட்டியளா.

இந்தச் சரக்கையெல்லாம் மே மாதம் ஈஷரில் ஹாரிசன் வீட்டில் டேப்பில் பிடித்தார்கள். அது முழுமையாகக் கடைக்கு வர 2018 ஆயிற்று. ஹாரிசனின் ‘நாட் கில்ட்டி’ கதை இன்னும் பரிதாபம். ‘நான் குற்றவாளி இல்லை’ என்று மனிதர் ஆகஸ்டில் 102 டேக் வரை மன்றாடினார். சொந்தக் கோஷ்டியே தள்ளுபடி செய்தது. அந்தப் பதிவுக்கு விடுதலை 1996-இல்! 1967 ஜனவரியில் பதிவான ‘கார்னிவல் ஆஃப் லைட்’ ஏறக்குறைய 14 நிமிடம் ஓடும் இரைச்சல். பால் மெக்கார்ட்னி வெளியிடலாம் என்றார், ஹாரிசன் வேண்டாம் என்றார். காதுகளின் சார்பில் அவருக்கு நன்றி.

கழித்த டேக்கே இல்லாத வில்லுப்பாட்டைக் கேட்க, நாஞ்சில் நாட்டு அம்மன் கோவில் கொடைவிழாவுக்கு வாருங்கள். நடுவில் வீசுகோலோடு புலவர். வலத்தே பாட, இடத்தே பாட ஆட்கள். குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. ராத்திரி தொடங்கினால் விடிய விடியக் கதை. பாட்டின் நீளத்தைத் தீர்மானிப்பது சாமி. சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வந்துவிட்டால் உடுக்கை முறுகும், வில்மணி பதறும். அந்த நேரத்தில் சுடலைமாடனிடம், “மாடா, சுருதி விலகிப்போச்சு, திரும்ப ஒருக்க வந்துட்டுப் போ” என்று சொல்ல எந்தப் புலவருக்குத் துணிச்சல் உண்டு?

1970களில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்த வட்டாரத்துக் கொடைகளில் உட்கார்ந்து வில்லுப்பாட்டைப் பதிவு செய்து, 1988-இல் புத்தகமே போட்டார். அப்படி அகப்பட்டது கொஞ்சம். மிச்சமெல்லாம் ஆலமூட்டுக் காற்றோடு போயிற்று.

நம்ம புலவர்மார் செய்த ஒரே பிழை, எல்லாவற்றையும் ஒரே டேக்கில் ஒழுங்காகப் பாடித் தொலைத்ததுதான். 102 தடவை சொதப்பியிருந்தால் இன்றைக்கு அட்டைப்பெட்டி போட்டு, பொன்விழாப் பதிப்பென்று யானைவிலைக்கு விற்றிருப்பார்கள்.