கேளாமலே மறைக்கும் வள்ளல்

வீட்டுக் கணினியில் ஃபோல்டரைத் திறந்ததும் முன்னால் வந்து நிற்கும் டீஃபால்ட் செட்டிங் அவர்களே, வாழ்க! மற்ற வள்ளல்கள் கேட்டால் கொடுப்பார்கள். நீங்கள் கேளாமலே கொடுப்பீர்கள். வேண்டாம் என்றாலும் கொடுப்பீர்கள். பழனி மலைத்தொடரில் உங்கள் குடிமக்கள் ஏராளம். நாயுடுபுரத்தில் ஹோம்ஸ்டே நடத்துபவர், பூம்பாறையில் மலைப்பூண்டு பயிரிடுபவர், பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர் என்று கணினி உள்ள வீடெல்லாம் உங்கள் ஆட்சிதான். வாங்கிய அன்று நீங்கள் அடுக்கிவைத்த முறையிலேயே இன்றுவரை தங்கள் ஃபைல்களைப் பார்த்து வருகிறார்கள். அவர்கள் சார்பில் உங்கள் குணநலன்களைச் சொல்லியாக வேண்டும்.

முதற்குணம் அடக்கம். 1995-இல் விண்டோஸ் 95 வந்தது முதல், ஒரு ஃபைல் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் கடைசி மூன்று நான்கு எழுத்துகளை மறைத்தே வைக்கிறீர்கள். அதிலும் ஒரு நுட்பம்: உங்களுக்குத் தெரிந்த வகை என்றால் மறைப்பீர்கள், தெரியாத வகை என்றால் முழுப்பெயரையும் காட்டுவீர்கள். அறிந்தவனுக்கு முக்காடு, அறியாதவனுக்குத் திறந்த முகம் என்ற இந்த நாகரிகம் வேறு யாருக்கு வரும்?

2000 மே மாதம் மணிலாவிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' வைரஸ் உங்கள் நாகரிகத்தை நன்றாகப் புரிந்துகொண்டது. காதல் கடிதம் என்று பெயர், அதன் பின்னால் .டிஎக்ஸ்டி, அதற்கும் பின்னால் .விபிஎஸ். இது கடிதமல்ல, இயங்கும் நிரல் என்று காட்டிக்கொடுக்கும் அந்தக் கடைசி வாலை நீங்கள் மறைத்துக் கொடுத்தீர்கள். வெறும் கடிதம்தானே என்று திறந்தவர்களின் கணினிகள் உலகெங்கும் லட்சக்கணக்கில் படுத்தன. அதற்குப் பிறகும் நீங்கள் கொள்கை மாறவில்லை. ஏப்ரல், மே சீசனில் விடுதிக்காரர் ஒருவருக்கு 'புக்கிங்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று ஒரு ஃபைல் வந்தால், அவர் கண்ணுக்கு 'புக்கிங்.பிடிஎஃப்' மட்டும் தெரியும்படி பார்த்துக்கொள்கிறீர்கள். வந்தவன் விருந்தாளியா திருடனா என்று வாசலில் கேட்டு அவமதிக்காத விருந்தோம்பல் உங்களுடையது.

இரண்டாவது, ஞானதிருஷ்டி. பொது, டாக்குமென்ட், படம், இசை, வீடியோ என்று ஃபோல்டர்களை ஐந்து சாதியாகப் பிரித்து, உள்ளே இருப்பதைப் பார்த்து நீங்களே சாதி குறித்துவிடுகிறீர்கள். கணக்கு ஃபோல்டரில் பில்களை மொபைலில் படமெடுத்துப் போட்டுவைத்தால் போதும், அது ஒருநாள் ஆல்பமாக மாறிவிடும். தேதியும் அளவும் போய், ஒரே மாதிரி வெள்ளைத்தாள்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக நிற்கும். எது கேஸ் பில், எது கரண்ட் பில் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

மூன்றாவதுதான் தலையாய குணம்: காலத்தை வென்ற நிலை. புகைப்படங்களை அழகாக அடுக்குவீர்கள்; எடுத்த நாளை மட்டும் எழுதமாட்டீர்கள். பொது ஃபோல்டரை விவரப் பட்டியலாக மாற்றினாலும் அங்கே நிற்பது 'டேட் மாடிஃபைட்'. 2006-இல் எடுத்த படத்தின் ஓரத்தை நேற்று வெட்டிச் சேமித்திருந்தால், உங்கள் கணக்கில் அது நேற்றைய படம். 'டேட் டேக்கன்' என்ற பத்தி இல்லாமல் இல்லை. தலைப்பு வரிசையில் வலது கிளிக் செய்து தேடுகிற பக்தருக்கு மட்டும் தரிசனம் தருகிறீர்கள்.

இந்தப் பெருந்தன்மை கைவராதவர்களும் இதே மலையில் இருந்தார்கள். 1899-இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1904 முதல் வானம் தெளிந்த நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்தார்கள். கண்ணாடித் தட்டில் பதிந்த படத்துக்கு நாளும் நேரமும் குறித்துவைத்தார்கள். குறிப்பில்லாத தட்டில் இருப்பது ஒரு வட்டம், சில புள்ளிகள். குறிப்போடு சேர்ந்தால், சுமார் பதினோரு ஆண்டுக்கொருமுறை பெருகிக் குறையும் சூரியப்புள்ளிகளின் நூறாண்டு வரலாறு. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் அந்தத் தட்டுகளைக் கணினிக்கு மாற்றியபோதும் நாளும் நேரமும் கூடவே வந்தன. உங்கள் அருள் அங்கே எட்டவில்லை, பாவம்!

எங்கள் வீடுகளுக்கு எட்டியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி இந்த மலையில் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. படத்தில் இரண்டு நீலமும் ஒன்றுதான். எந்தச் சரிவில் பூ குறைந்தது, எந்தப் புல்வெளியில் வாட்டில் மரம் ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால் படம் எடுத்த நாள் வேண்டும். வீட்டுக்கு வீடு கிடக்கும் படங்களைச் சேர்த்தால் இந்த மலைக்கே ஓர் ஆவணக்காப்பகம். அதைத் தேதி தெரியாத ஒரே குவியலாக்கி, பன்னிரண்டு ஆண்டு இடைவெளியை நொடியில் அழிக்கும் உங்கள் ஆற்றல் காலனுக்கும் கிடையாது.

கடைசியாக உங்கள் எளிமை. உங்களை மாற்ற விரும்புகிறவர் விண்டோஸ் 11-இல் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, ஆப்ஷன்ஸ் போய், வியூ பக்கத்தில் நீண்ட பட்டியலுக்கு நடுவே 'ஹைட் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற வரியின் டிக்கை எடுத்தால் போதும். ஃபோல்டரின் பிராப்பர்டீஸில் கஸ்டமைஸ் பக்கம் போனால் அதன் சாதியை நாமே தீர்மானிக்கலாம். ஒரு ஃபோல்டரை விருப்பப்படி ஒழுங்குசெய்து 'அப்ளை டு ஃபோல்டர்ஸ்' அழுத்தினால் அந்த ஏற்பாடு மற்றவற்றுக்கும் பரவும். எல்லாவற்றுக்கும் அல்ல, அதே சாதி ஃபோல்டர்களுக்கு மட்டும். ஐந்துக்கும் ஐந்து முறை செய்யவைத்து, பயனரின் பொறுமையை வளர்க்கிறீர்கள்.

இத்தனை கருணைக்கும் அடிப்படை ஒன்றுதான்: வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்தால் பயந்துவிடுவார் என்ற உங்கள் அன்பு. மூடுபனியில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தன் ஃபைலின் முழுப்பெயரைத் தாங்கும் தைரியம் இருக்காது என்று நினைத்தீர்களே, அந்த அன்பை அவர்கள் போதும் போதும் என்னும் அளவுக்கு அனுபவித்தாயிற்று. குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். அப்போது எடுக்கும் படங்களை 2018-இன் படங்களோடு நாள் பார்த்து ஒப்பிடப்போகிறவர்கள், உங்களிடம் இன்றே விடைபெற்றுக்கொள்வதுதான் உங்களுக்குச் செய்யும் மரியாதை.