ஜாவாவில் ஒரு லட்சாதிபதி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகன் ஜாவாவில் லட்சக்கணக்கில் சம்பாதிக்கிறானாமே என்று ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் யாரோ கேட்டதாகப் பெரியம்மா போனில் சொன்னார். செய்தி உண்மை. 2024 கணக்கில் நம் ஒரு ரூபாய்க்கு இங்கே ஏறக்குறைய 190 ரூபியா. அவன் மாமனார் ஊர் இருக்கும் குனுங் கிடுல் மாவட்டத்தில் 2024-க்கு அரசு வைத்த குறைந்தபட்ச மாதச் சம்பளமே சுமார் 21 லட்சத்து 88 ஆயிரம் ரூபியா. ஆக, இங்கே கல் உடைப்பவரும் லட்சாதிபதி, கடலை வறுப்பவரும் லட்சாதிபதி. அந்த 21 லட்சத்தை நம் காசாக்கினால் பதினோராயிரத்துச் சொச்சம் வரும் என்பதை மட்டும் பஸ் ஸ்டாண்டில் சொல்ல வேண்டாம். மாலை மரியாதைக்கு ஏற்பாடு நடந்தால் நடந்துவிட்டுப் போகட்டும்.

குனுங் கிடுல், யோக்யகர்த்தா நகரத்துக்குத் தென்கிழக்கே இருக்கிறது. தலைநகர் வோனோசாரி. சுல்தான் ஆளும் யோக்யகர்த்தா தனிப்பிரதேசத்தில் ஏறக்குறைய பாதி நிலம் இந்த ஒரு மாவட்டம்தான். ஆனால் அந்தப் பாதியில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். கவிழ்த்து வைத்த சட்டிகளைப் போல ஆயிரக்கணக்கில் குன்றுகள். 2015-இல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் புவிப்பூங்கா என்று அங்கீகரித்தது. ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமைதான். பூங்காவில் குடிக்கத் தண்ணீர் இருந்தால் இன்னும் பெருமைப்பட்டிருப்பார்கள்.

மழைக்குக் குறைவில்லை. நம் சேலத்தைவிட அதிகமாகவே கொட்டுகிறது. கொட்டிய வேகத்தில் கல்லிடுக்குகளில் இறங்கி, பாதாளத்தில் ஆறாக ஓடிக் கடலில் கலந்துவிடுகிறது. மேலே ஊர் வறண்டு கிடக்க, காலடியில் ஆறு! ப்ரிபின் என்ற குகையில், சுமார் 100 மீட்டர் ஆழத்தில் அந்த ஆற்றை மறித்து, அந்த நீரின் விசையாலேயே பம்பை ஓட்டித் தண்ணீரை மேலே ஏற்றும் திட்டத்தை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து கட்டினார்கள். குழாய் போன ஊர்கள் பிழைத்தன. போகாத ஊர்களுக்கு ஆகஸ்ட், செப்டம்பரில் லாரித் தண்ணீர்தான். 5,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு லட்ச ரூபியாவுக்கு மேல். மலை மேல் வீடு என்றால் இன்னும் கூடும். கையில் பணமில்லாத வீட்டில் ஆட்டை விற்றுத் தண்ணீர் வாங்குகிறார்கள். மிச்சமிருக்கும் ஆடு அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.

ஆட்டை ஏன் விற்க வேண்டும், பணத்தைப் பேங்கில் போட்டு வைக்கக் கூடாதா என்று உங்கள் தம்பி மகன் வந்த புதிதில் மாமனாரிடம் கேட்டான். மாமனார் பதில் சொல்லாமல் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப்போய் இரண்டு மாட்டைக் காட்டினார். பிறகு வீட்டைச் சுற்றி நிற்கும் தேக்கு மரங்களைக் காட்டினார். பாஸ்புக் பார்த்தாயிற்று என்று அர்த்தம். ஏழரை லட்சம் மக்கள் இருக்கும் மாவட்டத்தில் மாடுகள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம். மாடு வாங்க வசதியில்லாதவர் வசதியுள்ளவரின் மாட்டை வாரத்துக்கு வளர்த்து, பிறக்கும் கன்றுகளை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொள்கிறார். தேக்கோ வைப்பு நிதி. பையன் காலேஜுக்கு இத்தனை மரம், பெண் கல்யாணத்துக்கு இத்தனை மரம். தேவை வரும்போதுதான் கோடாலி. முற்றட்டும், நல்ல விலை வரட்டும் என்று காத்திருக்கும் பழக்கம் கிடையாது. வியாபாரி இதைத் தெரிந்துகொண்டுதான் ஜூலையில், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் மெதுவாக வந்து விலை கேட்கிறான்.

இனி உங்கள் தொழில் சமாசாரம். மரவள்ளி! நம் பக்கம் வெள்ளாமையில் பெரும்பகுதி ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது அல்லவா? இங்கே தோலை உரித்து, வெள்ளை வெளேரென்று பாறை மேலும் கூரை மேலும் ரோட்டோரத்திலும் காயப் போடுகிறார்கள். காப்லெக் என்று பெயர். அதை இடித்து மாவாக்கி ஆவியில் வேகவைத்தால் தீவுல். பழுப்பு நிறத்தில் உதிரி உதிரியாக, புட்டுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கே கடும் பஞ்சம். அதை அனுபவித்தவர்கள் தீவுலை ஏழையின் சோறு என்று வெறுத்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதையே வெல்லம் சேர்த்து, அட்டைப்பெட்டியில் அடைத்து, சுற்றுலா வருபவர்களுக்கு விற்கிறார்கள். பாட்டி அந்தப் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

சந்தைக்குப் போவதற்குத்தான் தனிப் படிப்பு வேண்டும். திங்கள், செவ்வாய் எல்லாம் ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். சந்தைக்கு வேறு வாரம். அதற்கு ஐந்தே நாள்: லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவோன். ஒரு ஊர்ச் சந்தை வாகேயில், அடுத்த ஊரில் க்லிவோனில். இரண்டு வாரங்களும் பின்னிக்கொண்டு 35 நாளுக்கு ஒரு முறை அதே ஜோடி திரும்ப வரும். மகளிர் சீட்டுக் கூட்டமும் பல இடங்களில் இந்த 35 நாள் கணக்கில்தான். மாதச் சம்பளக்காரனுக்கு இதில் தலை சுற்றும். மாமியாருக்கோ காலண்டரே வேண்டாம். விரலை மடக்குவதற்குள் அடுத்த ஆண்டுக் கல்யாண நாள் வரை சொல்லிவிடுவார்.

சீட்டு என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இங்கே அதன் பெயர் ஆரிசான். ஏலம் கிடையாது, கசர் கிடையாது, கம்பெனி கிடையாது, ஓடிப்போகவும் இடம் கிடையாது. எல்லோரும் ஒரே தொகை போட்டு, பெயரைக் குலுக்கி எடுத்து, வந்தவருக்கு மொத்தத்தையும் கொடுத்துவிட்டு டீயும் வறுத்த வாழைப்பழமும் சாப்பிட்டுக் கலைகிறார்கள்.

மொய்தான் பெரிய சங்கதி. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து மொய் விருந்தை மிஞ்சிவிடும் போல இருக்கிறது. ஹஜ் மாதம் வந்தால் தெருத்தெருவாகக் கல்யாணப் பந்தல். அடுத்து வரும் சூரோ மாதத்தில் ஜாவாக்காரர்கள் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் முன்பே முடித்துவிடும் அவசரம். ஒவ்வொரு பந்தல் வாசலிலும் பூட்டுப் போட்ட பெட்டி. உறையில் 50 ஆயிரம், நெருங்கியவர் என்றால் லட்சம். பெண்கள் அரிசி, சர்க்கரையோடு தனியாகப் போவார்கள். எல்லாம் நோட்டில் ஏறும். நாளை நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வரும். கைப்பணம் இல்லையென்றால் கடன் வாங்கியாவது உறை போடுவார்கள். கணக்குப் பார்த்தால் மாமனாரின் ஆஸ்தியில் ஒரு பங்கு கொட்டகையில், ஒரு பங்கு தேக்கில், மீதி ஊராரின் நோட்டுப் புத்தகங்களில் கிடக்கிறது. வருமானவரி அதிகாரி வந்தால் எங்கிருந்து தொடங்குவார் பாவம்!

இந்த ஊரில் வாலிபர்கள் குறைவு. அதே 2024-இல் மேற்கு ஜாவாவின் தொழிற்பேட்டை மாவட்டமான கராவாங்கில் குறைந்தபட்சச் சம்பளம் சுமார் 52 லட்சம். இங்கேயுள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். யார் இருப்பார்கள்? படித்தவன் தொழிற்சாலைக்கு, மற்றவன் ஜகார்த்தாவில் பக்ஸோ என்ற இறைச்சி உருண்டை சூப் வண்டி தள்ள. நோன்புப் பெருநாளுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஊர் திரும்பும்போது ஒரு ராத்திரிப் பயணம் ஒன்றரை நாளாகும்.

ஆகவே ராத்திரிக் காவலுக்கு ஆள் தட்டுப்பாடு. வெளிநாட்டு மருமகனையும் விடுவதில்லை. முறை வைத்து ஆண்கள் தெருச் சுற்ற வேண்டும். வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு சின்ன டப்பா தொங்கும். அதில் ஒரு பிடி அரிசியோ ஒரு நாணயமோ போட்டு வைப்பார்கள். காவலர்கள் அதைச் சேகரித்து ஊர்ப் பொதுவில் சேர்ப்பார்கள்; தெருவிளக்கு, நோயாளி வீட்டு உதவி எல்லாம் அதிலிருந்துதான். திருடன் வருவதாகத் தெரியவில்லை. வந்தால் அவனையும் உட்கார வைத்துச் சீட்டாட்டத்தில் ஒரு கை குறைவதை நிரப்பிக்கொள்வார்கள் என்று தோன்றுகிறது.

அரசுப் பணமும் வருகிறது. 2014-இல் வந்த கிராமச் சட்டத்துக்குப் பிறகு ஜகார்த்தா நேரடியாகக் கிராமங்களுக்கே நிதி அனுப்புகிறது. 2015-இல் சுமார் 20 லட்சம் கோடி ரூபியா; 2019-இல் 70 லட்சம் கோடி. நாட்டின் 75,000 கிராமங்களுக்குப் பங்கிட்டால் ஒரு கிராமத்துக்குச் சராசரி 90 கோடிக்கு மேல், நம் கணக்கில் அரைக் கோடி ரூபாய்க்குச் சற்று முன்பின். அதன் தடயம் மலைச்சரிவுகளில் தெரிகிறது: ரோடு முழுக்க சிமெண்ட் போடாமல், சக்கரம் உருளும் இரண்டு பட்டைக்கு மட்டும் போட்டிருக்கிறார்கள். நடுவில் புல். கஞ்சத்தனம் என்று நினைத்தால், மிச்சப்பட்ட சிமெண்டில் ரோடு அடுத்த குக்கிராமம் வரை போயிருக்கிறது. நம் காண்ட்ராக்டர்கள் இதைப் பார்க்காமல் இருப்பது நல்லது, பட்டையையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

அறுவடை முடிந்ததும் ரசூலான் திருவிழா. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சாப்பாடு. வேண்டாம் என்றால் மனஸ்தாபம். ராத்திரி முழுக்க நிழல் பொம்மைக்கூத்து. தொழுகையை முடித்துவிட்டு வந்து உட்காரும் முஸ்லிம் பெரியவர்கள், பீமன் அடி வாங்கினால் பதறுகிறார்கள். கூட்டத்துக்குப் பிடித்தவன் தொந்தி பெருத்த செமார். அவன் வியாசர் எழுதாத, ஜாவாக்காரர்கள் சேர்த்த கோமாளி. அர்ச்சுனனுக்கே புத்தி சொல்லுவான். உங்களைப் பார்த்தால் அவன் நினைவு வருகிறது என்று மருமகள் சொல்கிறாள். புத்தி சொல்வதை மட்டும்தான் குறிப்பிடுகிறாளாம்.

பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று. தேக்கு மரங்களில் பிடித்த வெட்டுக்கிளியைப் பூண்டும் மிளகாயும் சேர்த்து மொறுமொறுவென்று வறுத்து, டப்பாவில் அடைத்து ரோட்டோரம் விற்பது இங்கே நல்ல வியாபாரம். சம்பந்தி வீட்டுக்கு இரண்டு டப்பா அனுப்பியே தீருவேன் என்று மாமியார் நிற்கிறார். நாங்கள் சைவம் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. "அதுவும் இலைதானே தின்கிறது?" என்கிறார். கொல்லிமலைப் பக்கம் வெட்டுக்கிளி கிடைக்குமா, கிலோ என்ன விலை என்றும் கேட்கிறார். விசாரித்து எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகன்