ஓப்பனிங் கோபமும் லீக் விரிவாக்கமும்: ஓர் ஆய்வு

பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டு ஊர்களில் நடக்கும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டை ஆராயப் புகுவோருக்கு மூல ஆவணம் ஃப்ளெக்ஸ் பேனர். முதல் பரிசு தொடங்கி நான்காம் பரிசு வரை, தொகைக்கு எதிரே வழங்குபவரின் பெயரும் கும்பிட்ட கையோடு படமும் இருக்கும். அதன் கீழே ஆட்ட நாயகன், தொடர் நாயகன், சிறந்த கீப்பர் என்று விருதுகள் நீளும். ஆடியவர்களின் திறமையை அளந்து இவற்றை வகுத்தார்கள் என்று கொள்வது பிழை. நன்கொடையாளர் எத்தனை பேரோ, விருதும் அத்தனை. இறுதி ஆட்டத்தன்று சிமெண்டுக் கடைக்காரர் ஒருவர் கோப்பையோடு வந்து நின்றால், சிறந்த ஃபீல்டர் அந்தக் கணமே பிறந்துவிடுவார்.

பேனரின் அடியில் 'நடுவரின் தீர்ப்பே இறுதியானது' என்றிருக்கும். பல ஆட்டங்களில் அந்த நடுவர், பேட் செய்யும் அணியில் இன்னும் இறங்காதவர் அல்லது இறங்கிய வேகத்தில் திரும்பியவர். எல்.பி.டபிள்யூ. கிடையாது என்ற விதியின் தோற்றுவாய் இதுவே என்பது என் துணிபு. சொந்த அண்ணனுக்கு விரல் தூக்கும் அளவுக்கு மனித இனம் இன்னும் முதிரவில்லை.

விளையாட்டுணர்வுக்கு வருவோம். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. 2000ஆம் ஆண்டில் விதிநூலுக்கு ஒரு முன்னுரை சேர்த்து, ஆட்டத்தை அதன் மாண்பு கெடாமல் ஆடச் சொன்னது. அதற்கு 20 ஆண்டு முன்பே, 1980 பம்பாய் டெஸ்டில், நடுவர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரை இந்தியக் கேப்டன் விஸ்வநாத் திரும்ப அழைத்தார். டெய்லர் போத்தமுடன் நின்று 171 ரன் சேர்த்தார். இந்தியா 10 விக்கெட்டில் தோற்றது. நம் ஊர்க் கேப்டன்கள் இந்த வரலாற்றைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் அதன் படிப்பினையைக் கருவிலேயே பெற்றிருக்கிறார்கள்.

ஆகவே 'நன்னடத்தை அணி' விருது பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தோற்ற அணிக்குப் போகிறது. சண்டை போட அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இனி விரிவாக்கம். ஐ.பி.எல். பெருக வேண்டுமானால் ஏலம் வேண்டும். 2021இல் லக்னோ அணி 7,090 கோடி ரூபாய்க்குப் போனது. நம் லீக்கில் புது அணிக்கு முதலீடு ஒரு கோபம். ஓப்பனிங் இறங்க மூவர் ஆசைப்படுகிறார்கள், இடமோ இரண்டு. விடுபட்டவர் பேட்டின் சொந்தக்காரராக இருந்தால் அன்று ஆட்டம் முடிந்தது. அடுத்த ஞாயிறு ஓர் அணி கூடிவிட்டது. பழைய பெயருக்கு முன்னால் 'நியூ' சேர்ந்தால் உறவு முறிந்துவிட்டது என்றும், பின்னால் 'பி' சேர்ந்தால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்றும் அறிக.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனில், எல்லோரும் விட்டுக்கொடுத்து ஆடத் தொடங்கினால் அணி உடையாது. உடையாவிட்டால் புது நுழைவுக் கட்டணம் வராது. கட்டணம் வராவிட்டால் பந்தல்காரருக்குப் பாக்கி நிற்கும். நன்னடத்தை விருதை இவ்வாண்டு நிறுத்திவைக்கும்படி கமிட்டிக்குப் பரிந்துரைக்கிறேன். தொடர்ந்து பத்தாவது ஆளாகவே இறக்கப்பட்டு மனம் புழுங்கும் இளைஞர்கள் செயலாளரை உடனே அணுகலாம். கட்டணம் முன்பணமாக, பந்து அவரவர் கொண்டுவர வேண்டும்.