வேஷம் கலையாத சாமியார்

சினிமாவில் சாமியார் வேஷம் கட்டியவர்களுக்குக் கணக்கே கிடையாது. ஷாட் முடிந்ததா, அங்கியைக் கழற்றிக் காஸ்ட்யூமர் கையில் கொடுத்தோமா, மேக்கப்பைத் துடைத்தோமா, காரில் ஏறினோமா என்று போய்க்கொண்டே இருப்பார்கள். 1934-இல் ஹாலிவுட்டில் அந்த வேஷம் கட்டிய ஹோசே மொஹிகா என்ற மெக்சிகோக்காரர் மட்டும், எட்டு வருஷம் கழித்து அதே பிரான்சிஸ்கன் அங்கியை இடுப்புக் கயிறோடு சம்பளமில்லாமல் மாட்டிக்கொண்டார். சாகும்வரை கழற்றவில்லை. புனிதர் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கண் கலங்குவார்கள். எனக்கென்னவோ ஆண்டவருக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு என்றுதான் தோன்றுகிறது.

மொஹிகா பிறந்தது 1890-களில், ஹாலிஸ்கோ மாநிலத்து சான் கப்ரியேலில். செத்தவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நாவலை எழுதிய ஹுவான் ருல்ஃபோ வளர்ந்ததும் இதே ஊரில்தான். அந்த ஊர்த் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறதோ! பையனை அம்மா மெக்சிகோ நகரத்துக்குக் கூட்டிவந்து வளர்த்தார். மொஹிகா விவசாயம் படிக்கப் போனார். மெக்சிகோப் புரட்சி வெடித்ததில் பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிட்டார்கள். நாட்டில் பாதிப்பேர் குதிரையேறி மீதிப்பேரைச் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், இவர் பாட்டு வாத்தியாரிடம் போய்க் குரல் சாதகம் செய்தார். நாட்டுப்பற்று குறைவுதான், ஆனால் காதுக்கு நல்லது.

1916-இல் மெக்சிகோ நகரத்தில் ‘செவில் நகரத்து நாவிதன்’ ஆபெராவில் அல்மவிவா பிரபுவாக மேடையேறினார். அந்தப் பிரபுவுக்கு வேலையே மாறுவேஷம் போடுவதுதான்: முதலில் ஏழை மாணவன், அப்புறம் குடிகாரச் சிப்பாய், அப்புறம் பாட்டு வாத்தியார். ஒரு பெண்ணைக் கல்யாணம் பண்ண இத்தனை கூத்து. பிறகு நியூயார்க்குக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார். புகழ்பெற்ற பாடகர் கருசோவின் சிபாரிசும் சேர்ந்துகொள்ள, 1919-இல் சிகாகோ ஆபெராவில் இடம் கிடைத்தது.

சிகாகோவில் அப்போது மேரி கார்டன் ராஜ்யம். பாடகி, அழகி, 1921-22 சீசனுக்கு மொத்தக் கம்பெனிக்கும் இயக்குநர். அந்த ஒரே சீசனில் சுமார் 10 லட்சம் டாலர் நஷ்டம் காட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே பதவி விலகினார். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, ரஷ்யாவிலிருந்து வந்திருந்த புரோகோஃபியேவ் என்ற இளைஞரின் ‘மூன்று ஆரஞ்சுகள்மீது காதல்’ ஆபெராவுக்குப் போனது. 1921 டிசம்பர் 30 அன்று அரங்கேற்றம். கதை என்னவென்றால், இளவரசனுக்குத் தீராத வியாதி. சோகக் கவிதை அளவுக்கு மீறிப் படித்ததால் வந்தது. சிரித்தால்தான் குணமாகும். யார் என்ன செய்தும் சிரிக்க மாட்டேன் என்கிறான். கடைசியில் சூனியக்காரி ஒருத்தி கால் தடுக்கிக் குப்புற விழுந்து, தெரியக் கூடாதது தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரிக்கிறான். கடுப்பான சூனியக்காரி, “நீ மூன்று ஆரஞ்சுப் பழங்கள்மேல் காதல் கொண்டு அலையக்கடவது” என்று சபிக்கிறாள். அந்த இளவரசன் நம்ம மொஹிகா. மேடையிலேயே சிரித்துச் சிரித்துப் பாட வேண்டிய பாத்திரம் அது. பிற்காலத்தில் மணிக்கணக்கில் மௌனம் காக்கப் போகிறவர் கணக்கைத் தீர்த்துக்கொண்டார் போலும்.

அப்புறம் சினிமா பேச ஆரம்பித்தது. பேசியது சரி, ஆங்கிலத்தில் அல்லவா பேசியது! ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் டிக்கெட் காசு கைநழுவுகிறதே என்று ஹாலிவுட் முதலாளிகளுக்குத் தூக்கம் போனது. டப்பிங் சரியாக வராத காலம். அதனால் ஸ்பானிஷ் படங்களையே தனியாக எடுக்கத் தொடங்கினார்கள். ஃபாக்ஸ் கம்பெனிக்குக் கிடைத்த தங்கக்கட்டி மொஹிகா: மூக்கும் முழியுமாக இருந்தார், பாடவும் செய்தார். 1930-இல் ‘ஒன் மேட் கிஸ்’. அதன்பின் படத்துக்குப் படம் ஒரு வேஷம். ஜிப்ஸிகளுக்கு ராஜா, ஹரேமுக்குள் நாயகன். ‘இளவரசனுக்குக் கல்யாணம் செய்துவைத்தாக வேண்டும்’ என்று பொருள்படும் தலைப்பில்கூட ஒரு படம். திரையில் இப்படி ஊரே சேர்ந்து கல்யாணம் பண்ணிவைத்த மனிதர் வீட்டில் கட்டைப் பிரம்மச்சாரி. அம்மா சொல்தான் வேதம்.

1934 படத்தின் பெயர் ‘சிலுவையும் வாளும்’. கலிபோர்னியா மிஷன் மடத்துத் துறவி, நண்பனுக்கு நிச்சயித்த பெண்ணின்மேல் மனத்தைப் பறிகொடுத்துத் தவிக்கிறார். இந்தத் தவிப்பில்தான் நிஜச் சாமியாருக்கு விதை விழுந்தது என்று அடித்துச் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் ஹரேம் படத்தில் நடித்த எல்லோரும் சுல்தானாகிவிடவில்லையே.

சம்பாதித்த பணத்தில் மெக்சிகோவின் சான் மிகேல் தே அயெந்தேயில் பழைய வீடொன்றை வாங்கிப் புதுப்பித்து அம்மாவைக் குடிவைத்தார். அவர் அழைப்பில் 1937-இல் அங்கே வந்திறங்கிய அமெரிக்கர் ஸ்டிர்லிங் டிக்கின்சன் ஓவியப் பள்ளியில் ஒட்டிக்கொள்ள, பின்னாலேயே அமெரிக்கர்கள் ஈசல் மாதிரி வந்து மொய்த்தார்கள். இன்று அங்கே வீட்டு விலையைக் கேட்டால் மயக்கம் வரும். அந்தப் பாவத்தில் கொஞ்சம் மொஹிகா கணக்கிலும் எழுதலாம்.

1940-இல் அம்மா போய்ச் சேர்ந்தார். மகனுக்கு உலகம் காலியாகிவிட்டது. சொத்தையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டு, 1942-இல் பெரு நாட்டின் குஸ்கோ மடத்துக் கதவைத் தட்டினார். இங்கேதான் இவர் அசல் நடிகர் என்று நிரூபித்தார். மூச்சை வைத்துப் பிழைக்கும் பாடகர், ஒளிந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில்! சுற்றுலாப் பயணிகள் படியேறினாலே நாக்குத் தள்ளும் இடம். அங்கே நாற்பத்தைந்தைத் தாண்டிய முன்னாள் கதாநாயகர், பேரன் வயசுப் பையன்களோடு நவசந்நியாசியாகித் துடைப்பம் பிடித்தார். பெயரும் மாறியது: சகோதரர் ஹோசே பிரான்சிஸ்கோ தே குவாதலூபே. 1947-இல் லிமாவில் குருப்பட்டம்.

துறவிக்கு மூன்று வார்த்தைப்பாடு: ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல். முதல் இரண்டையும் நன்றாக யோசித்துத்தான் கொடுத்திருப்பார். மூன்றாவதில் மாட்டிக்கொண்டார். பாட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்த மனிதரிடம், “அரேகிபாவில் குருமடம் கட்டக் காசு வேண்டும், பாடுங்கள்” என்றார்கள் மேலிடத்தார். கண்டக்டரோடு சண்டை போடலாம், ஏஜென்டை மாற்றலாம். சபை அதிபரை என்ன செய்ய முடியும்? அங்கியோடும் செருப்போடும் நாடு நாடாகக் கச்சேரி. அரங்கு நிறைந்தது. வசூல் சபைக்கு, தொண்டைக்கட்டு இவருக்கு. ஃபாக்ஸ்காரர்கள்கூடச் சம்பளம் கொடுத்தார்கள்!

1950 ஜூலையில் மொஹிகா பிரேசிலின் சாவ் பாவுலோவுக்குப் போனபோது பத்திரிகை முதலாளி அசிஸ் சாட்டோப்ரியாண்ட் டெலிவிஷன் கருவிகளை இறக்கிப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய டுப்பி டிவி நிலையம் முறையாகத் தொடங்கியது செப்டம்பர் 18-இல்தான். அதற்கு முந்தைய பரிசோதனை ஒளிபரப்பில் கேமராமுன் நிற்க ஆள் வேண்டும். அகப்பட்டவர் நம்ம சாமியார். சம்பா நடனக்காரிகளுக்குப் பெயர்போன நாட்டின் டிவியில் ஆரம்பத்தில் தெரிந்தது துறவி அங்கியில் ஒரு மெக்சிகோ பாதிரியார்.

உலகத்தைத் துறந்த கணக்கு அதோடும் நிற்கவில்லை. 1953-இல் ஸ்பெயினில் ஒரு படம். இந்தத் தடவை காஸ்ட்யூம் செலவு மிச்சம். 1956-இல் ‘நான், பாவி’ என்று சுயசரிதை எழுதினார். பாவி என்று தலைப்பு வைத்தால் விற்காத ஊர் உண்டா? மூன்று வருஷத்தில் அதுவும் படமானது. கடைசிக் காலத்தில் காது மந்தமாகி, ஒரு காலையும் எடுத்து, 1974-இல் லிமா மடத்தில் கண் மூடினார்.

ஒரு பாட்டின் கதை பாக்கி இருக்கிறது. 1941-இல் புவெனஸ் ஐரிஸில் கடைசிப் படங்களில் ஒன்றுக்காக மொஹிகா இருந்தபோது, நண்பரான இசையமைப்பாளர் அகுஸ்தீன் லாராவிடம் மடத்துக்குப் போகும் முடிவைச் சொன்னாராம். உருகிப்போன லாரா அவருக்காகவே ‘ஒரே ஒரு முறை’ என்ற பாட்டைப் போட்டார் என்பது ஐதீகம். ஆண்டவர்மேல் வைத்த காதலுக்கான பாட்டு. அதை 1944-இல் வால்ட் டிஸ்னி தன் படத்தில் ஆங்கிலத்தில் எடுத்துப் போட, டொனால்ட் வாத்து ஒரு பாடகியைப் பார்த்துக் கிறங்கி வானத்தில் மிதந்தது. சாமியாரின் சுயசரிதை வந்த அதே 1956-இல் மெம்ஃபிஸ் ஸ்டூடியோவில் எல்விஸ் பிரெஸ்லி அதை விளையாட்டாகப் பாடிப் பார்த்தார். லத்தீன் அமெரிக்காவில் இன்றும் மதுக்கடைக்கு மதுக்கடை ஜோடிகள் கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடுவது அதற்குத்தான். எழுதிய லாராவோ, வாழ்க்கையில் காதல் ஒரே முறைதான் என்று ஊரையே அழவைத்த பிறகு, நடிகை மரியா ஃபெலிக்ஸைக் கல்யாணம் பண்ணி, பிரிந்து, அதற்கப்புறமும் சலிக்காமல் மாப்பிள்ளைக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.