நூறு போட்டால் நூறில் பறக்குமா?

கே: 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் என் கார் வேகமாகப் போகுமா?
(வாசகர், திருப்பூர்)

ப: பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்கம் என்ன எண் ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். 91 என்று இருந்தால் உங்கள் பணம் மட்டும்தான் வேகமாகப் போகும்.

கே: எண் கூடினால் சக்தி கூடும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? ஆக்டேன் என்பது பெட்ரோலின் சக்தி இல்லையா?
(வாசகி, கும்பகோணம்)

ப: ஆக்டேன் என்பது பெட்ரோலின் பொறுமை. பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை நசுங்கிச் சூடாகிறது. பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக் பொறி விடும். தீ அங்கிருந்து விரிந்து வரும்போது, மூலையில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை மேலும் நசுங்கி மேலும் சூடாகிறது. தன் முறை வரும்வரை அது காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாமல் தானாகவே வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். மெக்கானிக் 'இன்ஜின் தட்டுது' என்று சொல்வது இதைத்தான். எவ்வளவு நசுக்கும்வரை பெட்ரோல் தாங்கும் என்பதை அளக்க, கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1926-இல் ஒரு வழி சொன்னார். சுலபமாகத் தட்டாத ஐசோ-ஆக்டேனுக்கு 100, தொட்டாலே தட்டும் ஹெப்டேனுக்கு 0. 95 ஆக்டேன் என்றால், 95 பங்கு ஐசோ-ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை இன்ஜினில் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி நடந்துகொள்கிறது என்று பொருள். ஒரு லிட்டரில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்பதை இந்தச் சோதனையில் யாரும் அளப்பதே இல்லை. எத்தனாலைப் பாருங்கள். அதன் ஆக்டேன் 108-ஐ ஒட்டி வரும். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் கிடைக்கும் வெப்பம் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன்தான் சக்தி என்றால் எத்தனால் மைலேஜில் பெட்ரோலைத் தோற்கடித்திருக்க வேண்டும்.

கே: இரண்டாம் உலகப் போரில் 100 ஆக்டேன் போட்டதால்தான் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குத் திடீர் பலம் வந்ததாகப் படித்தேன். வானத்தில் வேலை செய்தது என் காரில் செய்யாதா?
(வாசகர், திருச்சி)

ப: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு! என் கட்சிக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இன்ஜின். முதலில் அது 87 ஆக்டேனில் ஓடியது. 1940-இல் 100 வந்தபோது தாழ்வான உயரத்தில் அதன் சக்தி சுமார் 1,000 குதிரைத்திறனிலிருந்து 1,300-க்கு ஏறியது. எப்படி ஏறியது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சூப்பர்சார்ஜர் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தத்தை, சதுர அங்குலத்துக்கு ஆறேகால் பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்தினார்கள். பழைய பெட்ரோலில் அந்த அழுத்தம் கொடுத்திருந்தால் இன்ஜின் தட்டியே உடைந்திருக்கும். புதிய பெட்ரோல் அதைத் தாங்கியது. டேங்கில் 100-ஐ ஊற்றிவிட்டு அழுத்தத்தைப் பழையபடியே விட்டிருந்தால் விமானிக்கு ஒரு குதிரைகூடக் கூடியிருக்காது. 1930-களில் ஷெல் நிறுவனத்தில் இருந்துகொண்டு, 100 ஆக்டேன் தயாரித்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் ஜிம்மி டூலிட்டில். பின்னாளில் 1942-இல் டோக்கியோ மீது குண்டுவீசப் போனாரே, அவரேதான். அவருடைய கணக்கும் இதுதான்: நல்ல பெட்ரோல் இருந்தால் இன்ஜின் கட்டுகிறவன் துணிந்து கட்டுவான்.

சாலைக்கும் இதே கணக்கு. மாஸ்டா தன் ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜினை ஐரோப்பாவுக்கு அனுப்பியபோது, கலவையை நசுக்கும் கம்ப்ரஷன் விகிதம் 14:1. அமெரிக்காவுக்கு அனுப்பியதில் 13:1. அங்கே ஜனங்கள் போடும் சாதா பெட்ரோலின் ஆக்டேன் குறைவு என்பதால் இன்ஜினையே அதற்கேற்ப இறக்கிக் கட்டினார்கள். பெட்ரோலைப் பார்த்து இன்ஜின் கட்டப்படுகிறது. கட்டி முடித்த இன்ஜின் நீங்கள் ஊற்றுவதைப் பார்த்துத் தன் கம்ப்ரஷனை ஏற்றிக்கொள்ளாது.

கே: அமெரிக்காவில் 93 தான் பிரீமியமாம். நம் ஊர் சாதாவே 91 என்றால் நாம் அவர்களை எட்டிவிட்டோமா?
(வாசகர், ஓசூர்)

ப: இல்லை, அளவுகோல் வேறு. நம் பங்க்கில் எழுதுவது ஆர்.ஓ.என்.; இன்ஜினை மெதுவாக ஓட்டி எடுக்கும் அளவு. இன்னும் வேகமாக, இன்னும் சூடாக ஓட்டி எடுப்பது எம்.ஓ.என்.; அது எப்போதும் குறைவாகவே வரும். அமெரிக்கர்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி எழுதுகிறார்கள். அவர்களுடைய 93 நம் கணக்கில் 98-ஐ ஒட்டி வரும், 87 நம் 91-ஐ ஒட்டி வரும். அமெரிக்க வீடியோ பார்த்துப் பெட்ரோல் போடாதீர்கள்.

கே: ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்கலாமா? 'மூன்று பாயின்ட் ஏறும்' என்று போட்டிருக்கிறது.
(வாசகர், சேலம்)

ப: வேண்டாம். அந்த வியாபாரத்தில் பெரும்பாலும் பத்துப் பாயின்ட் சேர்ந்தால்தான் ஓர் ஆக்டேன்.

கே: 100 போட்டதும் பிக்கப் கூடியதை நானே உணர்ந்தேன். அது பொய்யா?
(வாசகர், கோயம்புத்தூர்)

ப: பொய் என்று சொல்ல மாட்டேன், உங்கள் காரைப் பொறுத்தது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. இதை ஆய்வுக்கூடத்தில் வைத்தே பார்த்தது. சாதா பெட்ரோலுக்கென்று கட்டிய கார்களில் பிரீமியம் போட்டு 2016-இல் வெளியிட்ட முடிவு: குறிப்பிடும்படி ஒரு பயனும் இல்லை. 'பிரீமியம் நல்லது, கட்டாயமில்லை' என்று தயாரிப்பாளரே சொல்லும் கார்களை அடுத்த ஆண்டு சோதித்தார்கள். சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் சக்தி 1.4 சதவீதமும் ஏறின. ஆக, உங்களுடையது இந்த இரண்டாம் வகை டர்போ காராக இருந்தால், மே மாத வெயிலில், முழு ஆக்ஸிலரேட்டரில், ஏ.சி.யும் ஓடும்போது ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கலாம். காற்று சூடாக இருந்தால் நாக்கிங் சீக்கிரம் வரும், காரின் கம்ப்யூட்டர் சக்தியைக் குறைக்கும். ஆக்டேன் ஏறினால் அந்தளவு குறைக்க வேண்டியிருக்காது. இழந்த சக்தி திரும்பி வருகிறது, அவ்வளவுதான். இனி விலையைப் பாருங்கள். 2020 டிசம்பரில் இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 அறிமுகமானபோது டெல்லியில் லிட்டர் 160 ரூபாய். சாதா 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 50 லிட்டர் டேங்குக்கு 3,000 ரூபாய் கூடுதல். இரண்டு மூன்று சதவீதத்துக்கு அறுபது சதவீதம் கொடுப்பதை எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கே: மூடியில் 98, குறைந்தது 95 என்று போட்டிருக்கும் ஜெர்மன் கார். எங்கள் ஊரில் சாதா மட்டுமே கிடைக்கிறது. 'எல்லாவற்றையும் சென்சார் பார்த்துக்கொள்ளும்' என்கிறார்கள். நம்பலாமா?
(வாசகர், தேனி)

ப: பாதி நம்பலாம். 'மூடியைப் பார்' என்று நான் கத்துவது காசை மிச்சம் பிடிக்க மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்கும் எண்ணைக் கொடுக்காமல் விடுவதும் அதே தவறு. இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. நாக்கிங் வந்தால் சிலிண்டருக்குள் அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதி, வினாடிக்கு ஆறேழாயிரம் தடவை அதிரும். சென்சாருக்குள் இருக்கும் படிகம் அந்த அதிர்வை மின்சாரமாக்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்தும், டர்போ அழுத்தத்தையும் குறைக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் நாக்கிங் வந்த பிறகுதான் அதற்குத் தெரியும். மேலும் பொறி தாமதமானால் கலவை எரிந்து முடிவதும் தாமதமாகும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வழியே போய் டர்போவையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் சுடும். தயாரிப்பாளர் 'குறைந்தது 95' என்றால், சென்சாரால் சமாளிக்க முடிந்த எல்லையே அதுதான். வேறு வழியே இல்லாமல் 91 போட நேர்ந்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காதீர்கள், அதிக பாரம் ஏற்றாதீர்கள். முக்கியமாக, டாப் கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் போய்க்கொண்டே முழுசாக மிதிக்காதீர்கள். நேரடி இன்ஜெக்ஷன் டர்போக்களில் பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைப்பது பெரும்பாலும் அந்த நிலையில்தான். கொஞ்சம் ஓட்டியதும் அடுத்த பெரிய ஊரில் 100-ஐக் கலந்து நிரப்புங்கள். சரிபாதி கலந்தால் ஏறத்தாழ நடுவில் வரும்: 91-ம் 100-ம் சேர்ந்து 95-ஐ ஒட்டி நிற்கும். எண் உயர்ந்த பெட்ரோலுக்கு நான் கைதட்டுவது இங்கேதான்.

கே: விமான பெட்ரோல் கிடைத்தால் போடலாமா?
(வாசகர், மதுரை)

ப: அதில் ஈயம் இருக்கிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்துப்போகும்.

கே: ஈயம் போல ஏதாவது ஒன்றைக் கலந்து எல்லாப் பெட்ரோலையும் மலிவாக 100 ஆக்கிவிடக் கூடாதா?
(வாசகி, நாகர்கோவில்)

ப: அந்தக் குறுக்குவழியில் உலகம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டது, அம்மா. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ராஎத்தில் ஈயம் துளியூண்டு சேர்த்தாலே நாக்கிங் அடங்குவதைக் கண்டார். 1923-இல் விற்பனைக்கு வந்தது. 1924-இல் நியூ ஜெர்சி ஆலையில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். அப்போதே தெரிந்திருந்தும் நிறுத்தவில்லை. சைலன்சர் வழியாக வந்த ஈயம் காற்றிலும் மண்ணிலும் இறங்கி, குழந்தைகளின் ரத்தத்தில் சேர்ந்து, மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. இந்தியா 2000-இல்தான் முழுதாக நிறுத்தியது. கடைசி நாடான அல்ஜீரியா 2021-இல். இன்று ஒவ்வொரு ஆக்டேனும் சுத்திகரிப்பு ஆலையில் மூலக்கூறுகளை உடைத்துத் திருப்பிக் கட்டி வருகிறது. அதனால்தான் விலை. அந்த விலையைக் கொடுக்க எனக்குத் தயக்கம் இல்லை. தேவைப்படாத காரில் அதை ஊற்றி எரிப்பதுதான் உறுத்துகிறது.

கே: இ20 வந்த பிறகு சாதாவே 95 ஆகிவிட்டதாமே? இனி பிரீமியம் எதற்கு?
(வாசகர், கரூர்)

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். மேலே நான் 91 என்றது இ20-க்கு முந்தைய சாதாவை. 20 சதவீத எத்தனால் கலந்ததால் ஆக்டேன் 91-லிருந்து 95-க்கு ஏறியதாகப் பெட்ரோலிய அமைச்சகமே 2025-இல் சொன்னது. எத்தனாலின் பொறுமை அப்படி. 95 கேட்கும் கார், இ20-க்கும் ஏற்றது என்று மூடியில் இருந்தால், ஆக்டேனுக்காகப் பிரீமியம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் வெப்பம் குறைவான எரிபொருள் என்பதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். ஆக்டேன் ஏறி மைலேஜ் இறங்குகிறது என்றால், இரண்டும் ஒன்றில்லை என்பதற்கு இந்தியா முழுக்க ஓடும் கார்களே சாட்சி. பழைய கார்க்காரர்கள் ஆக்டேனை விட்டுவிட்டு, ரப்பர் குழாய்களும் சீல்களும் எத்தனாலைத் தாங்குமா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

கே: ஊட்டியில் ஓட்டினால் குறைந்த ஆக்டேன் போதுமா?
(வாசகர், மேட்டுப்பாளையம்)

ப: டர்போ இல்லாத காருக்கு மேலே போன பிறகு போதும், காற்று மெலிந்திருப்பதால் கலவை குறைவாகவே நசுங்கும். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டிவிடும், அதற்குச் சலுகை இல்லை. ஆனால் நீங்கள் பெட்ரோல் போடுவது அடிவாரத்து வெயிலில், ஏறப்போவது மலை.

கே: டர்போ காரை 'ஸ்டேஜ் 1' ரீமேப் செய்துவிட்டேன். மூடி 95 என்கிறது, டியூனர் 97-க்குக் குறையக் கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
(வாசகர், சென்னை)

ப: டியூனர் பேச்சை. மெர்லினுக்குச் செய்ததை உங்கள் காருக்கு அவர் செய்திருக்கிறார். அழுத்தத்தை ஏற்றி, பொறியை முன்தள்ளிவிட்டார். மூடி பேசுவது இப்போது இல்லாத ஓர் இன்ஜினைப் பற்றி. 97 என்று அவரிடம் எழுதி வாங்கி, பழைய எண்ணின் மேல் ஒட்டிவிடுங்கள். பங்க்குக்கு வண்டியை எடுத்துப் போவது உங்கள் டிரைவராகவோ தம்பியாகவோ இருக்கலாம். காரை விற்கும் நாளில் வாங்குபவரிடமும் வாயால் சொல்லிவிடுங்கள்.