கேட்பாரற்ற கச்சேரி

தமிழ்நாட்டுத் திருமணங்களில் முகூர்த்தத்திற்கு முந்தைய மாலை நடைபெறும் வரவேற்பு நிகழ்ச்சிக்கு மெல்லிசைக் குழுவை அமர்த்துவது, சமையற்காரரை அமர்த்துவதற்கு அடுத்தபடியான பெரும் பொறுப்பாகக் கருதப்படினும், இரண்டுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. சமையற்காரர் ஆக்கியதை வந்தவர் அனைவரும் உண்பதால், சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினாலும் அது மூன்று தலைமுறைக்குப் பேசப்படும். குழுவினர் பாடுவதை எவரும் கேட்பதில்லையாதலால், சுருதி அரைக்கட்டை விலகினாலும் இரு வீட்டாரின் உறவுக்கு ஊறு நேர்வதில்லை.

மெல்லிசைக் குழு, மக்கள் வழக்கில் ஆர்கெஸ்ட்ரா, என்பது திரைப்பாடல்களை மேடையில் நேரடியாகப் பாடியும் வாசித்தும் அளிக்கும் குழுவாகும். பாவலர் வரதராசன் தம் தம்பியருடன் நடத்திய குழு, ஏ.வி. ரமணனின் மியூசியானோ, பின்னாளில் வந்த லஷ்மன் ஸ்ருதி என்று இதன் வரலாற்றை எழுதப் புகுவோர், பாட்டைக் கேட்பதற்கென்றே மக்கள் திருவிழாத் திடல்களில் பாய் விரித்து விடியும்வரை அமர்ந்திருந்த காலத்தைக் கடந்துதான் வர வேண்டும். திடலில் கேட்டவரே மண்டபத்தில் கேளாதிருப்பதற்குக் காரணம் ரசனைக் குறைவு அன்று. அங்கே அவருக்கு வேறு வேலைகள் உள்ளன. மொய் எழுத வேண்டும்; மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள வரிசையில் நிற்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தியில் ரசத்தை எட்டிவிட்ட ஒருவரை அடையாளம் கண்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் இடம்பிடித்து நிற்க வேண்டும்.

குழுவை அமர்த்தும் பேச்சிலும் இசைக்குப் பெரிய இடம் இருப்பதில்லை. பெண்வீட்டார் சார்பில் பேசவரும் தாய்மாமன் முதலில் கேட்பது எத்தனை பேர் வருவார்கள் என்பதையே. அது இசையின் அடர்த்தியை அறியும் பொருட்டன்று, எத்தனை இலை கூடும் என்று அறியும் பொருட்டு. தம்மை அமர்த்துவோரைப் ‘பார்ட்டி’ எனக் குறிக்கும் வழக்கமுடைய குழுத் தலைவரோ, தேதியைக் கேட்டதும் நாட்காட்டியைப் புரட்டி, வளர்பிறை முகூர்த்தமாயின் ஒரு தொகையும் தேய்பிறையாயின் சற்று இரங்கிய தொகையும் சொல்வார்; ஆடியிலும் மார்கழியிலும் திருமணங்கள் நடவாமையால், அம்மாதங்களின் வீட்டு வாடகையை ஆவணியும் தையும் தந்தாக வேண்டும் என்னும் பொருளியல் அத்தொகைக்குள் அடங்கியிருக்கிறது. “சவுண்ட் தனி, வண்டி தனிங்க” என்பதையும் அவர் சேர்த்துச் சொல்வார். சவுண்ட் என்பது ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் மைக்குகளையும் வாடகைக்குத் தருபவரைக் குறிக்கும். தாய்மாமன் தொகையைக் குறைக்கச் சொல்லச் சொல்லத் தலைவர் தொகையைக் குறைத்துக்கொண்டே வருவதுபோல் தோன்றினும், உண்மையில் அவர் குறைப்பது ஆட்களை. முதலில் புல்லாங்குழல் போகும், அடுத்துத் தபேலா, பிறகு பேஸ் கித்தார். முடிவில் ஒரு கீபோர்டும், குச்சியால் தட்ட எல்லாத் தாளக் கருவிகளின் ஒலியையும் எழுப்பும் ரிதம் பேடும், பாடுவோர் இருவரும் எஞ்சுவர். போனவர்களின் இடத்தை ‘மைனஸ் ஒன்’ நிரப்பும். இது பாடியவர் குரலை மட்டும் நீக்கி, பின்னணி இசையை முழுமையாக வைத்துக்கொண்ட பதிவு. இதனால், கீபோர்டுக்காரர் இரு கைகளாலும் கைக்குட்டையைப் பிடித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கையிலேயே மேடையிலிருந்து பத்து வயலின்கள் ஒருங்கே எழுவதைக் காணலாம். மின்சாரம் நின்று ஜெனரேட்டர் உயிர்பெறும்வரை வயலின்களும் தாளமும் மறைய, பாடகியின் வெறுங்குரல் மட்டும் சில நொடிகள் மிஞ்சும். அவர் நன்றாகவே பாடுகிறார் என்பது அன்று வெளிப்படும் ஒரே தருணம் அது.

மற்ற நேரங்களில் அது தெரியாமைக்கு அறிவியல் காரணம் உண்டு. சுற்றிலும் ஓசை மிகும்போது பேசுபவர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார் என்பதை எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதிவைத்தார். பாட்டைத் தாண்டிப் பேச வேண்டி விருந்தினர் குரலை உயர்த்த, விருந்தினரைத் தாண்டிப் பாட வேண்டி மேடையில் ஒலியைக் கூட்ட, “பையன் எங்க வேலை பாக்குறான்?” என்ற கேள்வி மூன்றாம் முறை கேட்கப்பட்டு, “ஆமாமா, சாப்பிட்டாச்சு” என்ற விடை பெறப்படும். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு நேர் எதிரேயுள்ள முதல் மூன்று வரிசைகள் காலியாகவே கிடக்கும். அங்கே அமர்பவர் காது கேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பெரியவர் ஒருவரே.

மறுநாள் காலை அதே மண்டபத்தில் ஒலிக்கும் நாதசுர, தவில் மங்கல இசையையும் கூர்ந்து கேட்பவர் சிலரே என்றாலும், அதற்காக அதன்மேல் இரக்கம் கொள்வது பொருந்தாது. நாதசுரம் திறந்த வீதிக்கும் கோயில் பிராகாரத்திற்கும் என்றே அமைந்த கருவி. நாதசுரக் கலைஞர் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி இராகத்துக்காகவே கூட்டம் கூடியதுண்டு. எனினும் மணவறை அருகே அமர்ந்திருக்கும் குழுவுக்குப் பாராட்டைவிடப் பெரியதொரு பணி இருக்கிறது. தாலி கட்டும் நொடியில் தும்மல், அபசகுனச் சொல், இரு சம்பந்திகளுக்கிடையே எழும் பழைய கணக்கு எதுவும் காதில் விழாதபடி மூடிவிடுவதே கெட்டிமேளம், அதாவது எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் விரைந்து முழங்கும் முழக்கம். அதற்கான குறிப்பு, எங்கோ ஒரு மூலையிலிருந்து ஆள்காட்டி விரலை உயர்த்தி வேகமாக ஆட்டும் ஒரு பெரியவரிடமிருந்து வரும். தவில்காரர் பாதி கண்மூடி வாசித்துக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு விரலைத் தவறவிடுவதில்லை. அக்கூடத்தில் இசைக்கும் சடங்குக்கும் உள்ள ஒப்பந்தம் அத்தனை துல்லியமானது.

மெல்லிசைக் குழுவுக்கு அத்தகைய பணி எதையும் மரபு ஒதுக்கவில்லை. ஆகவே மண்டபம் தானே ஒன்றை ஒதுக்கிக்கொடுத்தது. வாயிலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரின் உரிமையாளர் உடனே வர வேண்டும் என்பதும், பச்சைப் பாவாடை அணிந்த குழந்தை மேடையருகே அழுதுகொண்டிருக்கிறது என்பதும், வருகை தந்துள்ள வட்டச் செயலாளரை மணமக்கள் சார்பில் வரவேற்பதும் துண்டுச் சீட்டுகளாக மேடைக்கு வந்து, பல்லவிக்கும் சரணத்திற்கும் இடைப்பட்ட இசையில் படிக்கப்படும். அன்றைய மாலையில் ஒலிபெருக்கியிலிருந்து வந்தவற்றுள் உடனடி விளைவை ஏற்படுத்துவது கார் பற்றிய அறிவிப்பு ஒன்றே எனலாம்.

விதிவிலக்கு ஒன்றையும் குறிப்பிட வேண்டும். எட்டரை மணியளவில் மணமகனின் பெரியப்பா ஒருவர், பலரும் வற்புறுத்துவதாகச் சொல்லிக்கொண்டு, வற்புறுத்துவோருக்குச் சற்று முன்னதாகவே மேடை ஏறுவார். சுருதி என்ன என்று கீபோர்டுக்காரர் பணிவுடன் கேட்க, “நீங்க வாசிங்க தம்பி, நான் பிடிச்சுக்கிறேன்” என்பார். அவர் பிடிப்பது வேறொரு சுருதியை. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்றொரு பொத்தான் உண்டு. விரல் அதே கட்டையில் இருக்க, ஒலியை மட்டும் மேலும் கீழும் நகர்த்த வல்லது. பெரியப்பா சரணத்தில் அரைக்கட்டை ஏற, இவர் இடக்கையால் அப்பொத்தானை ஒருமுறை அழுத்துவார். அவர் பல்லவிக்கு இறங்கி வர, மறுமுறை அழுத்துவார். வாழ்நாளெல்லாம் சாதகம் செய்தவரின் கலைநுட்பம் உச்சம் தொடுவது இவ்விடத்தில்தான் என்றாலும், கூடம் முழுவதும் அமைதியாகிக் கைப்பேசிகள் உயர்வது பெரியப்பாவை நோக்கியே. பணம் கொடுத்து அழைத்துவந்தவரைக் கேளாத அவை, பணம் பெறாமல் பாடுபவரைக் கைதட்டி இன்னொன்று கேட்கிறது. அவரும் இன்னொன்று பாடுகிறார்.

சட்டம் இக்கச்சேரிகளிடம் பெருந்தன்மையாகவே நடந்துகொள்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சமயச் சடங்குகளில் இசைக்கப்படுவதை உரிமை மீறலாகக் கொள்ளாது. மண ஊர்வலமும் திருமணத்தை ஒட்டிய பிற கொண்டாட்டங்களும் அச்சடங்கில் அடங்கும் என்பதை மத்திய அரசு 2023 ஜூலையில் மீண்டும் தெளிவுபடுத்தியது. ஆகவே, பெரியப்பா பாடிய குத்துப்பாட்டும் சட்டத்தின் கண்ணில் சடங்கே. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிமுதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கியைத் தடைசெய்தாலும், மூடிய அரங்குகளுக்கு விலக்கும் அளித்துள்ளன. மண்டப மேலாளர்கள் விதியின் முற்பகுதியை மட்டுமே படித்தவர்களாதலால், 10 மணிக்கு மேடை விளக்கை அணைக்க வந்து நிற்பர்.

மீதிப் பணம், ஸ்டோர் ரூம் எனப்படும் பலசரக்கு அறையின் வாசலில், காய்கறி மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொடுக்கப்படும். கச்சேரி நேரம் முழுவதையும் பந்தியை மேற்பார்வையிடுவதில் கழித்த தாய்மாமன், இருபத்தைந்து பாட்டு என்று பேசியிருக்க இருபத்துமூன்றுதான் ஆயிற்று என்று அப்போது கணக்குச் சொல்வார். குழுத் தலைவர் மறுப்பதில்லை. “பெரியப்பா ரெண்டு பாடினாரே, அதையும் சேத்துக்குங்க” என்பார்.