அடுக்களையில் ஒரு கிணற்றடி

எங்கள் கும்பகோணத்து வீட்டில் அடுப்புக்கும் அழுக்குத் துணிக்கும் நடுவே ஒரு முழுக் கட்டு இருந்தது. அதைத் தாண்டினால்தான் கிணற்றடி, துவைக்கிற கல். விழுப்புத் துணியோடு அடுக்களை நிலைப்படிக்குப் பக்கத்தில் போனாலே பாட்டி போடும் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அவளுடைய மடிப்புடவை தலைக்கு மேலே, உத்தரத்திலிருந்து தொங்கும் மூங்கில் கொடியில், யார் கையும் படாமல் நீளக் கோலால் தூக்கிப் போடப்பட்டுக் காயும். அதற்கு அடியில் நின்று, எகிறித் தொட்டுவிடுவேன் என்று பயமுறுத்தி இரண்டு சீடை வாங்கிக்கொண்டு ஓடிய அதே பையன்தான், தலை நரைத்த பிறகு, நங்கநல்லூரில் 600 சதுர அடி ஃபிளாட்டின் அடுக்களையில் இஞ்சி டேப்போடு மண்டியிட்டு, கிரானைட் மேடைக்கு அடியில் வாஷிங் மெஷின் நுழையுமா என்று பார்த்தவன்.

வேறு இடமில்லை. பாத்ரூமில் வைத்தால் மெஷின் குளிக்கலாம், மனிதர் குளிக்க முடியாது. சர்வீஸ் ஏரியாவை இன்வெர்ட்டரும் காலி சிலிண்டரும் பிடித்துக்கொண்டன. கடைப்பையன் விவரமானவன். "டாப் லோடுக்கு மூடியை மேல தூக்கணும் சார், உங்களுக்கு ஆகாது. ஃப்ரன்ட் லோடு எடுங்க, அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 85" என்றான். எங்கள் மேடைக்கு அடியில் இருந்தது 84. சில மாடல்களில் மேல்பலகையைக் கழற்றிவிடலாம் என்று அவனே வழியும் சொன்னான்.

"ஏன்னா, மேல சாம்பார் கொதிக்கும், கீழ உங்க பனியன் சுத்துமா?" என்றாள் என் மனைவி. பாட்டி கேட்க வேண்டிய கேள்வி.

நிமிஷத்துக்கு 1200 சுற்றுச் சுற்றி மெஷின் பிழிவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிழிவது இரண்டு பேர் வேலையாக இருந்த காலம் உங்களுக்கும் ஞாபகமிருக்கும். 501 பார் சோப்பைத் தேய்த்து, கல்லில் அடித்து அலசிய போர்வையின் ஒரு நுனி அம்மா கையில், மறுநுனி என்னிடம். எதிரும் புதிருமாக நின்று முறுக்க முறுக்கத் துணி தடித்துத் தேர்வடமாகி, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டும். கடைசி முறுக்கில் என் கை வழுக்க, போர்வை சடாரென்று பிரிந்து மண்ணில் விழும். "போதும், நீ உள்ள போய்ப் படி" என்பாள். அதற்காகத்தான் வழுக்கியது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கல்லூரியில் நாலு புத்தகம் படித்த மிடுக்கில், ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இயந்திரம் வந்தால்தான் பெண்களுக்கு விடுதலை என்று அவளுக்கே பிரசங்கம் செய்திருக்கிறேன். ஒரு கையால் குழவியைச் சுற்றி மறுகையால் மாவைத் தள்ளிக்கொண்டே, "சரிடா, அந்தச் சொம்புல தண்ணி கொண்டா" என்பாள். நான் எழுந்ததாக ஞாபகமில்லை. பிறகு விடுதலை கோயம்புத்தூரிலிருந்து வந்தது. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும்; வெட் கிரைண்டரில் கல் சுற்றுகிறது, குழவி இருந்த இடத்தில் இருக்கிறது. 2011இல் அரசே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் 2 லிட்டர் டேபிள்டாப் கிரைண்டரோ இப்போது லாஃப்டில். இறக்க ஏணி வேண்டும், இரண்டு ஆள் வேண்டும். இட்லி மாவு கீழே அண்ணாச்சி கடையில் பாக்கெட்டில் கிடைக்கிறது. புளிப்பு மட்டும் அவர் இஷ்டம்.

ஃபிரிட்ஜ் கதை இன்னும் வேடிக்கை. முதன்முதலில் வாங்கியபோது, வருகிறவர் போகிறவர் கண்ணில் படட்டும் என்று கூடத்தில் நிறுத்தினோம், கைப்பிடிக்குக்கூடப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டோம். இன்றும் ஃபிரிட்ஜ் கூடத்தில்தான். அடுக்களைக்குள் வைத்தால் கதவு திறக்காது. அன்று பெருமை, இன்று இடநெருக்கடி. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நீங்களும் வாங்கக் கிளம்புவதாயிருந்தால், மேடையின் உயரத்தை மட்டும் அளந்துகொண்டு போகாதீர்கள். கதவு முன்பக்கம் திறக்கும். குனிந்து துணி எடுக்க ஓர் ஆள் நிற்க வேண்டும். பக்கத்தில் குழாயும் 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். போர் தண்ணீர் உப்பாயிருந்தால் டீஸ்கேலிங் பவுடருக்கும் பணம் எடுத்து வையுங்கள். வாசல் நிலையையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். கடையில் சொல்வது மெஷினின் அளவு, வீட்டுக்கு வருவது அட்டைப்பெட்டியோடு.